பழைய கால் காயம் உள்ள குதிரையை எடுத்து வளர்க்கலாமா?

நீங்கள் கேட்டது இது. தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலம், நான்கு கறவை மாடுகள். பெங்களூரில் பந்தயத்தில் ஓடி, முன்னங்காலில் நரம்பு அடிபட்டு, அப்புறம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் மீட்கப்பட்ட 11 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை ஒரு மீட்பு அமைப்பு இலவசமாகத் தருகிறது. காயம் ஆறி இரண்டு வருடம் ஆகிறதாம். எடுக்கலாமா? 12 வயது மகள் அதில் சவாரி பழகலாமா? அப்பா மட்டும், "நாலு மாடு திங்கற எடத்துல அதுவும் தின்னுட்டுப் போவுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்கிறாராம்.

எடுக்கலாம். சவாரிக்காக என்றால் வேண்டாம். இந்த இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பேன், அப்பா சொன்ன அந்த வரி மட்டும் கேள்வியில் இல்லாமல் இருந்திருந்தால். அடிபட்ட காலை விட எனக்குப் பயம் தருவது அதுதான். நம் பக்கம் குதிரை கெட்டுப்போன இடங்களில் நான் பார்த்தவரை பழைய காயம் காரணமாக இருந்தது குறைவு. மாட்டுக்குப் போடுவதையே போட்டு, மாட்டைக் கட்டுவது போலவே கட்டி, குளம்பைக் கவனிக்காமல் விடுவார்கள். ஒரு நாள் அது நொண்ட ஆரம்பித்ததும், "பழைய அடி, திரும்ப வந்துடுச்சு" என்று முடித்துவிடுவார்கள். காயம் பட்ட குதிரையை எடுப்பதில் பெரிய ஆபத்தே இதுதான். புதிதாக வரும் எல்லாக் கோளாறையும் பழைய காலின் கணக்கில் எழுதிவிடுவோம். இந்தப் பதில் முழுக்க அதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதலில் அந்தக் கால். பந்தயக் குதிரைக்கு "நரம்பு போச்சு" என்று சொன்னால் பெரும்பாலும் அது முன்னங்காலின் பின்பக்கம், முட்டிக்கும் கணுவுக்கும் நடுவே ஓடும் தசைநாண். நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்கள் மீதுதான். பாய்ந்து ஓடும்போது அந்த நாண் இழுபட்டு, உள்ளே இழைகள் அறுந்து வீங்கும். ஆறுவதற்கு ஒன்பது மாதம், ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும். ஆறிய பிறகும் அங்கே இருப்பது தழும்புத் திசு, முன்பிருந்த மீள்தன்மை அதற்கு வராது. அதனால்தான் பார்ப்பதற்குச் சரியாகிவிட்ட குதிரையை மறுபடி ஓடவிட்டால் அதே இடத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே கீழே அறுந்துபோகிறது. ஆனால் மேய்வதற்கும் நடப்பதற்கும் நிழலில் நிற்பதற்கும் அந்தத் தழும்பு தாராளமாகப் போதும். நன்றாக ஆறிய நாணோடு குதிரைகள் பல வருடம் வலியில்லாமல் வாழ்கின்றன. 25 வயதைத் தாண்டும் குதிரைகள் உண்டு, ஆகவே நீங்கள் கையெழுத்துப் போடுவது இன்னும் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு. உங்கள் மகள் வேலைக்குப் போன பிறகும் இது லாயத்தில் இருக்கும்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பிடித்துப் பாருங்கள், வாயைத் திறந்தே பாருங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகி இருந்தால் வைக்கோலை மென்று பாதியில் உருண்டையாகத் துப்பும். அதை வருடம் ஒரு முறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும்.

காலை எப்படிப் பார்ப்பது? காலையில் போங்கள், குதிரை நடப்பதற்கு முன்னால். இரண்டு முன்னங்கால்களையும் மாற்றி மாற்றி மேலிருந்து கீழே தடவுங்கள். பழைய வீக்கம் கெட்டியாக, குளிர்ந்து, அழுத்தினால் குதிரை கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். சூடாக இருந்தாலோ, அழுத்தும்போது காலை இழுத்தாலோ "ஆறிவிட்டது" என்ற பேச்சு பொய். அப்புறம் கெட்டித் தரையில், தார் ரோடோ சிமென்ட் தரையோ, நேராக நடக்கவிட்டு, பிறகு துள்ளு நடையில் ஓடவிடச் சொல்லுங்கள். தலையைக் கவனியுங்கள். வலியுள்ள முன்னங்கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். நடையில் தெரியாவிட்டாலும் சிறு வட்டத்தில் திருப்பும்போது தெரிந்துவிடும்.

அடுத்தது பலரும் பார்க்காத இடம்: குளம்புகளின் அளவு. முன்னங்கால் குளம்புகள் இரண்டையும் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒப்பிடுங்கள். ஒன்று குறுகி, செங்குத்தாக, மற்றது அகன்று தட்டையாக இருந்தால், குறுகியிருக்கும் காலில் அந்தக் குதிரை வெகுநாளாகப் பாரம் போடாமல் தப்பித்து வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாரத்தை எல்லாம் சுமந்தது எதிர்க்கால். அங்கேதான் குளம்புக்குள் இருக்கும் சதை அழன்று, எலும்பே இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அடிபட்ட காலுக்காக மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நல்ல கால் போய்விட்ட குதிரைகள் உண்டு. குளம்புச் சுவரில் சமமில்லாத வளையங்கள், முன்பக்கம் உள்வாங்கிய வடிவம் தெரிந்தால் இரண்டு குளம்புக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பு இறங்கியிருந்தால் எடுக்காதீர்கள். அது அனுபவம் உள்ளவர்களுக்கே கையைக் கடிக்கும்.

முன்கணுவின் முன்பக்கத்தில் முடி உதிர்ந்த, தேய்ந்த தழும்பு இருக்கிறதா? குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்து தூங்க தினமும் கொஞ்ச நேரமாவது அது படுத்தாக வேண்டும். எழுந்திருக்க வலிக்கும் என்று பயந்து படுக்காமலே இருக்கும் குதிரை, நின்றபடி தூக்கத்தில் சரிந்து கணுவைத் தரையில் இடித்துக்கொள்ளும். அந்தத் தழும்பு எந்த மருத்துவச் சான்றிதழையும் விட வெளிப்படையாகப் பேசும். "இது படுத்து எழுவதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று அமைப்பில் இருப்பவரிடம் அல்லாமல், தினமும் சாணி அள்ளும் குதிரைக்காரரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் வலி மருந்து உடம்பில் இல்லாதபோதுதான் செல்லும். பியூட்டசோன், மெலாக்ஸிகாம், ஃபுளுனிக்ஸின் எதையாவது கொடுத்திருந்தால் நொண்டலே தெரியாது. கடைசி இரண்டு வாரம் என்ன கொடுத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். மருந்து இருந்தால்தான் சுகமாக நடக்கும் என்றால், அந்தச் செலவும், வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் வாய்ப்பும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வருகின்றன. இதையும் சொல்லிவிடுகிறேன், கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட யாராவது வந்தால் விடாதீர்கள். அந்த மருந்து ஏறிய கால்நடைகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் செத்துப்போனதால் கால்நடைகளுக்கு அதை 2006லேயே தடை செய்துவிட்டார்கள்.

காகிதங்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: க்ளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை. குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளுக்கு வரும் பாக்டீரியா நோய் இது. மனிதருக்கும் தொற்றும், மனிதருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான தலைமை ஆய்வகம். முடிவு கையில் வராமல் வண்டி ஏற்ற வேண்டாம். மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்றிதழும் வேண்டும். பந்தயக் குதிரை என்பதால் கழுத்தில் மைக்ரோசிப்பும் பாஸ்போர்ட்டும் இருக்க வாய்ப்பு அதிகம். அதிலிருக்கும் வயதும் அவர்கள் சொல்லும் வயதும் ஒன்றுதானா என்று மட்டும் பாருங்கள்.

சரி, இப்போது அப்பாவிடம் வருவோம்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதை மறுபடி மேலே கொண்டுவந்து அசைபோடும், முதல் அறையில் இருக்கும் கிருமிகள் பாதி விஷத்தைச் செரித்தே விடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான். அதில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது மென்றுகொண்டே இருக்க வேண்டும். முக்கியமாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பானது உள்ளே போனால் போனதுதான்.

உங்கள் வயலில் மாட்டுக்குக் கோ-4 அல்லது கோ-5 புல் போட்டிருப்பீர்கள், பாலக்கோடு பக்கம் அது இல்லாத மாட்டுக்காரர் வீடு குறைவு. மாட்டுக்கு அருமையான தீனி. ஆனால் அந்த நேப்பியர் ஒட்டுப்புல்லில் ஆக்ஸலேட் அதிகம். மாட்டின் வயிற்றில் இருக்கும் கிருமிகள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் குடலில் அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு சாணியோடு வெளியே போய்விடும். கூடவே தவிட்டையும் வைத்தால் இன்னும் மோசம், கோதுமைத் தவிடானாலும் அரிசித் தவிடானாலும் அதில் பாஸ்பரஸ் அளவுக்கு மேல் இருக்கிறது. ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்ததும் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். சில மாதங்களில் குதிரை ஒரு நாள் இந்தக் கால், ஒரு நாள் அந்தக் கால் என்று மாற்றி மாற்றி நொண்டும், நடை குறுகும், முற்றினால் முகத்து எலும்பே இரண்டு பக்கமும் புடைத்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் எல்லாரும் பழைய காயத்தைக் காட்டுவார்கள். காரணம் தீவனத் தொட்டியில் இருக்கும்.

அப்படியானால் என்ன போடுவது? நல்ல வேளையாக உங்கள் ஊர் ராகி ஊர். பூசணம் பிடிக்காத, தூசி இல்லாத ராகித் தாள் அடிப்படைத் தீனிக்குப் போதும். அதோடு காய்ந்த குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) ஒன்றிரண்டு கிலோ. அதில் சுண்ணாம்புச் சத்து தாராளம். அரை ஏக்கரில் குதிரை மசால் போட்டுவிட்டால் மாட்டுக்கும் ஆயிற்று. நன்றாகக் காய்ந்த சோளத்தட்டை இடையிடையே கொடுக்கலாம். பச்சைச் சோளத்தில் மேயவிடாதீர்கள், குதிரைக்கு அது சிறுநீர்ப்பையையும் முதுகுத்தண்டு நரம்புகளையும் கெடுத்து, பின்பக்கம் தள்ளாட வைக்கும். அதையும் கால் காயம் என்றே சொல்வார்கள்.

எவ்வளவு என்பதற்கு எடை தெரிய வேண்டும். எடை மேடை தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை ஒரு டேப்பால் அளந்துகொள்ளுங்கள், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். 175 சுற்றளவு, 160 நீளம் என்றால் ஏறக்குறைய 412 கிலோ. உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர் தீவனம், அதாவது தினம் 6 முதல் 8 கிலோ. வருடத்துக்கு இரண்டேகால் முதல் மூன்று டன். பங்குனி, சித்திரையில் தாள் விலை ஏறும் என்பது உங்களுக்கே தெரியும். அறுவடையின்போதே வாங்கிப் போர் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொள்ளு? குதிரை என்றாலே கொள்ளு என்று படி படியாக வைப்பார்கள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை செய்யாத குதிரைக்கு ஊறவைத்த அல்லது வேகவைத்த கொள்ளு அரை கிலோ தாண்ட வேண்டாம். இளைத்திருந்தால் கொஞ்சம் கூட்டலாம். தானியம் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் சேர்ந்து வரும், அதோடு ஒவ்வொரு கூடுதல் கிலோவும் அந்தத் தழும்பு நாண் மீதுதான் உட்காரும். விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது, அந்த அளவு போதும். தாது உப்பு இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் தினம் ஒரு பெரிய கரண்டி கல்லுப்பு.

போடவே கூடாதவை இதைவிட முக்கியம். கோழித் தீவனம் ஒரு கைப்பிடிகூடக் கூடாது. கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமல் இருக்கக் கலக்கும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துக் கொன்றுவிடும். மாட்டுத் தீவன மூட்டையிலும் யூரியா, மோனென்சின் கலந்திருக்கலாம் என்பதால் அதையும் குதிரைக்கு வைக்காதீர்கள். மரவள்ளித் தழை, தோல், கிழங்கு எதுவும் வேண்டாம், சயனைடு இருக்கிறது. ஆமணக்குக் கொட்டையும், வயலுக்குப் போட வாங்கி வைக்கும் ஆமணக்குப் புண்ணாக்கும் குதிரைக்கு நஞ்சு, எருவுக்கு வாங்கிய மூட்டையை லாயத்துப் பக்கம் வைக்கவே வேண்டாம். வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், காய்ந்த இலையும் விஷம்தான். மழையில் நனைந்து பூசணம் பிடித்த கடலைக்கொடியை மாடு தின்றுவிட்டுச் சும்மா இருந்தாலும் இருக்கும், குதிரை இருக்காது. மாங்காய்க் காலத்தில் தோப்பில் அவிழ்த்துவிட்டால் உதிர்ந்த பழத்தை ஆசையாகத் தின்னும், கொட்டை தொண்டையில் மாட்டும், சர்க்கரை குளம்பில் இறங்கும்.

தண்ணீர் சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர், கோடையில் இன்னும் அதிகம். போர்வெல் தண்ணீர்தான் என்றால் புளூரைடு அளவைப் பார்த்துவிடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளூரைடு பிரச்சினைக்காகத்தான். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் சொல்வார்கள். மனிதருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, 1.5 உச்சவரம்பு. கால்நடைகளுக்கும் அளவு மீறிய புளூரைடு வருடக்கணக்கில் உள்ளே போனால் பல்லில் கறை வரும், எலும்பு தடித்து நடை கட்டையாகும். இன்னொரு நொண்டல், அதற்கும் பழி அந்தக் காலுக்கே போகும்.

வயிற்று வலி எப்படி வரும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் காட்டி வையுங்கள். தீனியை விட்டு ஒதுங்கும், முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கும், படுத்துப் புரளும், சாணி போடாது. நிதானமாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி 60ஐத் தாண்டினால் காத்திருக்காதீர்கள். எண்ணெய், கஷாயம் என்று வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், ஆனால் வருகிற மருத்துவர் தினமும் பார்ப்பது மாடும் ஆடும்தான். ஆகவே குதிரை வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஓசூரிலோ பெங்களூரிலோ குதிரை பார்க்கும் ஒருவருடைய எண் உங்களிடம் இருக்க வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருந்தாலும் மாரண்டஹள்ளியிலிருந்து எனக்கு ராயக்கோட்டை, ஓசூர் வழியாகப் பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரிதான் தோதாகப் படுகிறது. வலியோடு நிற்கும் குதிரையை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்க எனக்கு மனசு வராது. பெங்களூர் நெரிசல் நேரத்தை விட்டு, விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும், அவ்வளவுதான்.

குளம்புக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை சீவியே ஆக வேண்டும். காயம் பட்ட காலுக்கு இது மருந்தை விடப் பெரிய உதவி. முன்நுனி நீண்டு குதிகால் தாழ்ந்தால் ஒவ்வோர் அடியிலும் அந்த நாண் கூடுதலாக இழுபடும். எருதுக்கு லாடம் அடிப்பவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் விடாதீர்கள். பிளந்த குளம்பும் ஒற்றைக் குளம்பும் வேறு வேறு வேலை. ஓசூர் பக்கத்துக் குதிரைப் பண்ணைகளுக்கும் சவாரிப் பள்ளிகளுக்கும் பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள். அந்தச் சுற்றில் உங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதற்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் குதிரையை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மருத்துவர் தூரத்தில் இருந்தால் சமாளிக்கலாம், குளம்பு சீவ ஆள் இல்லாமல் முடியாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் குதிரை ஒரு காலைத் தரையில் வைக்கவே முடியாமல் மூன்று காலில் நிற்கும். வீடே கலங்கிப்போகும், பழைய நரம்பு அறுந்தது, எலும்பு முறிந்தது என்பார்கள். பெரும்பாலும் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். குளம்பு சூடாக இருக்கும், கணுவின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி தெறிப்பது தெரியும். சீழை வெளியே எடுத்து, எப்சம் உப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கட்டினால் சில நாளில் நடக்கும். நம் பக்கத்துக் கருங்கல் நிலமும் வேலிகாத்தான் முள்ளும் இதற்கு நல்ல துணை. தனுர்வாதத் தடுப்பூசி வருடா வருடம் தவறக் கூடாது, அந்த நோய்க்குக் குதிரை அளவுக்கு எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு இல்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

மாட்டுக்கொட்டகையை ஒட்டியே லாயம் போடாதீர்கள். மாட்டைக் கடித்த பெரிய ஈ குதிரையைக் கடித்தால் சர்ரா என்ற ரத்த நோய் வரும். மாடு அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு நன்றாகவே இருக்கும், குதிரைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், ரத்தம் குறையும், வயிற்றடியும் கால்களும் வீங்கும். மறுபடியும் கால்! காலில் வீக்கம் என்று எண்ணெய் தேய்க்காமல் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

லாயத்துக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. சிமென்ட் தரை வேண்டாம், மண்ணைக் கெட்டிப்படுத்தி மேலே தாள் பரப்பினால் போதும், மாட்டுக்கு விற்கும் ரப்பர் பாயும் நன்றாகவே இருக்கும். முள்கம்பி வேலி மாட்டைத் தடுக்கும். மிரண்டு ஓடும் குதிரை அதில் பாய்ந்தால் சதை பிய்ந்து தொங்கும், மேயவிடும் ஓர் ஏக்கருக்காவது மரக்கட்டையோ பட்டைக் கம்பியோ போடுங்கள். முளை அடித்துக் காலில் கயிறு கட்டி மேயவிடும் பழக்கம் அடியோடு வேண்டாம், அடிபட்ட காலில் கயிறு சுற்றினால் அன்றோடு முடிந்தது. தனியாக இருக்கும் குதிரை கவலையில் நடந்து நடந்து தேயும். இன்னொரு குதிரை வாங்கச் சொல்லவில்லை, ஓர் ஆடோ கழுதையோ கண்ணில் படுகிற தூரத்தில் இருந்தால் ஆறுதலாக இருக்கும். ராகி அறுவடைக் காலத்தில் யானை வரும் பாதை உங்களுக்குத் தெரியும். தாள் போரும் லாயமும் அந்தப் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி தட்பவெப்பம் குதிரைக்கு ஒத்ததுதான். ஓசூர் மத்திகிரி கால்நடைப் பண்ணையில் ஆங்கிலேயர் காலத்தில் ராணுவக் குதிரைகளை வளர்த்திருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் காலையில் கொஞ்சம் விறைப்பாக நடந்தால், நடக்க நடக்கச் சரியாகிறதா என்று பாருங்கள். சரியாகாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொண்டுவரும் வண்டியில் சாய்தளமும் சறுக்காத தரையும் இருக்க வேண்டும். தலையை உயர்த்திக் கட்டாமல், தாழ்த்தித் தும்ம இடம் விட வேண்டும். முன்னங்கால் பலவீனம் என்பதால் பின்பக்கம் பார்த்து நிறுத்தினால் பிரேக் போடும்போது பாரம் முன்னங்காலில் விழாது. முதல் இரண்டு வாரத்துக்கு அவர்கள் போட்டுவந்த தீனியையே கேட்டு வாங்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

பாப்பாவின் சவாரிக்கு வருவோம். எடைக் கணக்கில் தடையில்லை. சேணமும் ஆளும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கலாம் என்பார்கள், காயம் பட்டதற்கு அதிலும் குறைவு, 12 வயதுப் பெண் அதற்குள் வந்துவிடுவாள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. பந்தயத்தில் பழகிய குதிரை கடிவாளத்தை இழுத்தால் நிற்கப் பழகியதில்லை, இழுப்பில் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கப் பழகியது. ஒன்றும் தெரியாத பிள்ளையும், ஓடினால் கால் போய்விடும் குதிரையும் ஒன்றாகச் சேரக் கூடாது. பாப்பா ஓசூர் அல்லது பெங்களூரில் ஒரு பள்ளியில் சவாரி பழகட்டும். வீட்டில் இதைத் தேய்த்துவிடவும், குளம்பு சுத்தம் செய்யவும், கயிற்றில் பிடித்து நடத்தவும் கற்றுக்கொள்ளட்டும். அதற்கே ஒரு வருடம் பத்தாது. அதன்பின் மருத்துவர் பார்த்துச் சரி சொன்னால், சமதரையில், நடையில் மட்டும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கூட்டிப்போனால் பிள்ளைக்குக் குதிரை ஆசை இன்னும் ஏறும். அங்கே எதையும் வாங்கிவிடாதீர்கள், அது வேறு கதை.

ஊரில் குதிரை இருக்கிறது என்று தெரிந்ததும் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டு வருவார்கள். நல்ல காசு என்பார்கள். பட்டாசு, மேளம், தார் ரோட்டில் மணிக்கணக்கில் நிற்பது, மேலே மாப்பிள்ளை, இதில் எதையும் அந்தக் கால் தாங்காது. உடல் தகுதியில்லாத விலங்கை வேலைக்குப் பயன்படுத்துவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். சொந்தக்காரர் கேட்டாலும் அதையே சொல்லுங்கள், சட்டத்தின் மேல் பழி போட்டால் மனஸ்தாபம் வராது.

கடைசியாக ஒப்பந்தம். உங்களால் முடியாமல் போனால் அமைப்பு திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்பது எழுத்தில் இருக்கட்டும். இனப்பெருக்கம் கூடாது என்று அவர்கள் எழுதியிருந்தால் அது நல்ல அமைப்பு. கருணைக்கொலை முடிவை யார் எடுப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள், நடுராத்திரியில் குதிரை துடித்துக்கொண்டிருக்கும்போது பெங்களூருக்குப் போன் போட்டு அனுமதி கேட்கும் நிலைமை வேண்டாம். முடிந்தால் உடனே தத்து எடுக்காமல், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழியும் வரை பராமரிப்புக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான அமைப்புகள் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் இடப் பிரச்சினை. அந்த நாணின் பழைய ஸ்கேன் படங்களும் முன்னங்குளம்பு எக்ஸ்ரேயும் கேளுங்கள். தர மறுத்தால், உங்கள் செலவிலேயே புதிதாக எடுக்க அனுமதி கேளுங்கள். அதற்கும் மறுப்பு என்றால் அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள்.